சிறுவாணிக்கும் போர்வெல்லுக்கும் ஒரே பேஸ்ட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் பக்கத்துச் செய்திகளில் ஃபுளோரைடு என்ற சொல் வந்தாலே, பழுப்பேறிய பல்லோடு ஒரு தருமபுரிப் பிள்ளையின் படமும் கூடவே வந்துவிடும். அது பொய்ப் படம் இல்லை; குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிஞ்சினால் வளரும் பல் அப்படித்தான் கறை படியும். ஆனால் அதைப் பார்த்து மிரண்டுபோய், சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற கோவைக் குடும்பங்கள் ‘ஃபுளோரைடு இல்லாதது’ என்று அட்டையில் பெரிதாகப் போட்ட பேஸ்ட்டைத் தேடி வாங்குகின்றன. அந்த வீட்டுப் பிள்ளைக்கு நாலு வயதில் கடைவாய்ப் பால்பல்லில் குழி விழுகிறது. இன்னொரு பக்கம், போர்வெல் தண்ணீரையே காய்ச்சிக் குடித்துக்கொண்டு, பேஸ்ட்டை மட்டும் மாற்றிவிட்டதால் பிள்ளை தப்பித்தது என்று நம்பும் வீடுகளும் இருக்கின்றன. இரண்டுமே கணக்குத் தெரியாமல் வரும் கோளாறு. அந்தக் கணக்கை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஃபுளோரைடு பல்லுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். பல்லின் மேலோடான எனாமல், எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். இனிப்போ மாவுப் பண்டமோ வாய்க்குள் போனதும், பல்லில் ஒட்டியிருக்கும் அழுக்குப் படலத்துக் கிருமிகள் அதைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. (சொத்தையில் பூச்சியோ புழுவோ கிடையாது, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிருமிதான்.) பல்மேல் பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண்; எண் இறங்க இறங்க அமிலம் அதிகம்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியம் கரைந்து வெளியேறத் தொடங்கும். இறங்குவதற்குச் சில நிமிடம் போதும். பழைய நிலைக்கு ஏறுவதற்கோ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஏறியபின், எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பவும் பல்லில் படியும். இப்படிக் கரைவதும் படிவதும் நாள் முழுக்க நடக்கிற கொடுக்கல் வாங்கல். வரவைவிடச் செலவு மிஞ்சிக்கொண்டே போனால் சொத்தை விழும்.

இந்த இடத்தில்தான் ஃபுளோரைடு வேலை செய்கிறது. எச்சிலிலும் பல்லின்மேல் படலத்திலும் அது துளியளவு இருந்தாலே, திரும்பப் படிகிற வேலை வேகமாக நடக்கும். அப்படிப் படிகிற புதுப் படிகம் பழையதைவிடக் கெட்டியானது, பிஎச் 4.5 வரை இறங்கினால்தான் கரையும். கிருமி சர்க்கரையை அமிலமாக்குவதையும் அது ஓரளவு முடக்குகிறது. இத்தனையும் பல்லின் வெளிப்புறத்தில், வாய்க்குள் நடப்பவை. வயிற்றுக்குள் போக வேண்டிய அவசியம் இல்லை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முன்னோடிகளுக்கே இது தெரிய நாளானது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1901-இல் தொழில் தொடங்கிய பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊராரின் பல்லில் இருந்த பழுப்புக் கறை எதனால் என்று பல ஆண்டுகள் தேடினார். கறை படிந்த அந்தப் பல்லில் சொத்தை குறைவாக இருந்ததும் அவர் கண்ணில் பட்டது. தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931-இல் தெரிந்தது. பிறகு டிரெண்ட்லி டீன் என்பவர் ஊர் ஊராகத் தண்ணீரையும் பல்லையும் ஒப்பிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வாக்கில் இருந்தால் சொத்தை குறையும், கறையும் பெரிதாக வராது என்று கண்டார். 1945-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் குடிநீரிலேயே அதைக் கலந்தார்கள். வளரும் பல்லுக்குள் ஃபுளோரைடு ஏறி அதை உறுதியாக்குகிறது என்றுதான் அப்போது நினைத்தார்கள். பெரும்பங்கு பலன் முளைத்த பல்லின்மேல் படுவதால்தான் வருகிறது என்பது பின்னால் தெளிவானது. அந்த நாட்டிலேயே இன்று தண்ணீருக்குப் பரிந்துரைக்கும் அளவு 0.7 மில்லிகிராமாகக் குறைந்துவிட்டது.

அவர்கள் கலந்தார்கள் என்பதற்காக நாமும் கலக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம். நம் நிலமே தேவைக்கு மேல் கலந்து தருகிறது. 1937-இலேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரைடால் எலும்பும் பல்லும் கெடுவதை மருத்துவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியான தருமபுரி, கிருஷ்ணகிரியில் இன்றும் அதே கதை. கருங்கல்லும் அதன் இனப் பாறைகளும் கொண்ட பூமி இது. பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைகிறது. தண்ணீர் பாறையிடுக்கில் எத்தனை காலம் நிற்கிறதோ அத்தனை கரையும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில் இன்னும் அதிகமாகக் கரையும். அதனால் நூறடிக் கிணற்றில் இல்லாத அளவு, ஆயிரம் அடி போட்ட போரில் வரலாம். பக்கத்துத் தோட்டத்துப் போரில் ஒரு அளவும் நம் தோட்டத்துப் போரில் வேறு அளவும் வருவது சாதாரணம். ‘அவங்க தண்ணி நல்லாத்தானுங்க இருக்குது’ என்பதை வைத்து நம் தண்ணீரை எடைபோட முடியாது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, மணமும் இல்லை. உப்புத் தண்ணீர் என்றால் நாக்கு சொல்லிவிடும். இதை ஆய்வுக்கூடம்தான் சொல்லும்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். வெயில் காட்டில் வேலை செய்கிறவர் நாளுக்கு நாலைந்து லிட்டர் குடிப்பார் என்பதால், நம் ஊருக்கு 1-க்குள் இருப்பதே நல்லது.

இனிக் கணக்கு. பேஸ்ட்டில் 1000 பிபிஎம் என்று போட்டிருந்தால், ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவு பேஸ்ட் போதும். அது ஏறத்தாழ 0.1 கிராம், அதாவது 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. காலையும் இரவும் விளக்கி, அத்தனையையும் விழுங்கினாலும் நாளுக்கு 0.2 மில்லிகிராம்தான். அதே குழந்தை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் 2 மில்லிகிராம், பத்து மடங்கு. அந்தத் தண்ணீரில் ஆக்கிய சோறும் பருப்பும் தனி. பேஸ்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தண்ணீரை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும்.

அடுத்தது வயது. பல்லில் ஃபுளோரைடு கறை விழுவது எனாமல் உருவாகும் காலத்தில் மட்டும்தான். நிலைத்த பற்களின் எனாமல், ஈறுக்குள்ளேயே, பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை உருவாகிறது (ஞானப்பல் நீங்கலாக). அதிலும் மேல்வரிசை முன்பற்கள் கெடக்கூடிய காலம் முதல் மூன்று ஆண்டுகள். எட்டு வயதுக்கு மேல் எந்தப் பேஸ்ட் போட்டாலும் பல்லில் புதுக்கறை விழ வழியில்லை. ஆகவே பெரியவர்கள் ‘ஃபுளோரைடு பேஸ்ட் போட்டால் பல் மஞ்சளாகிவிடும்’ என்று பயப்படுவதில் பொருளே இல்லை. தண்ணீர் விஷயம் அப்படியில்லை. அதிக ஃபுளோரைடு உள்ள தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எந்த வயதிலும் எலும்பிலும் மூட்டிலும் படியும். முதுகு வளையாமல் போவதும் கழுத்தைத் திருப்ப முடியாமல் போவதும் அதனால் வருபவை.

இப்போது ஊர்வாரியாக. சிறுவாணி, பில்லூர், பவானி என்று ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கும், ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ குடிக்கிறவர்களுக்கும் தண்ணீரிலிருந்து கிடைக்கும் ஃபுளோரைடு மிகக் குறைவு. அவர்களுக்கு இருக்கும் ஒரே காப்பு பேஸ்ட்தான். அதிலும் ‘இல்லாதது’ பார்த்து வாங்கினால் பல்லை வெறுங்கையோடு சண்டைக்கு அனுப்புவது மாதிரி. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே அரிசி மணி அளவு; மூன்று வயது முதல் ஆறு வரை பட்டாணி அளவு, அதாவது கால் கிராம். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு வளைத்து வளைத்து வைக்கிறார்களே, அது ஒரு கிராமுக்கு மேல்; டியூப் சீக்கிரம் தீர வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு. பெரியவருக்கே அத்தனை தேவையில்லை.

போர்வெல்லை நம்பியிருக்கும் ஊர்களில், பரிசோதனையில் 1.5-க்கு மேல் வந்தால் முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். அங்கே ஆறு வயதுக்குட்பட்ட, துப்பத் தெரியாத குழந்தைக்கு ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டே இருக்கட்டும் என்று மருத்துவர் சொன்னால் அதில் தவறில்லை. துப்பத் தெரிந்த பிள்ளையும் பெரியவர்களும் ஃபுளோரைடு பேஸ்ட் போடலாம். ‘ஏற்கனவே கறை இருக்குது, இது வேறயா’ என்று கேட்பார்கள். கறை லேசாக, வெள்ளைக் கோடாக மட்டும் இருந்தால் அந்தப் பல் பொதுவாக உறுதியானதுதான். பழுப்பேறி, மேல்பரப்பு குழிகுழியாகப் பெயர்ந்த பல் அப்படியில்லை. அதில் அழுக்கு தங்கும், சொத்தையும் விழும்.

தண்ணீரை மாற்றுவது என்றால் என்ன? காய்ச்சுவது உதவாது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். ஒரு லிட்டர் முக்கால் லிட்டராகச் சுண்டினால் அளவு கூடித்தான் போயிருக்கும். துணியில் வடிகட்டுவதும், தேற்றாங்கொட்டை தேய்ப்பதும், கலங்கலைத் தெளிய வைக்கும் மெழுகுவர்த்தி வடிவ ஃபில்டரும் இதற்கு ஆகாது. ஆர்.ஓ. எடுக்கும். ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய வடிகட்டியும் எடுக்கும். ஆனால் அந்தச் சரக்கு நாளடைவில் நிறைந்துவிடும், குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் தண்ணீர் சும்மா அதன் வழியே போய் வரும். பல ஊர்களில் இந்த இயந்திரங்கள் வீணாய்ப் போவது இப்படித்தான். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து வண்டலாகப் படிய வைக்கும் நல்கொண்டா முறையும் உண்டு; அளவு பிசகினால் தண்ணீரில் அலுமினியம் தங்கும் என்பதால் வீட்டில் கைப்போக்கில் செய்யும் வேலையில்லை. இருப்பதிலேயே எளிது மழைநீர். அதில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. 2003-இல் எல்லா வீட்டிலும் மழைநீர்த் தொட்டியும் குழாயும் வைத்தோம். எத்தனை குழாய் இன்று அடைபடாமல் இருக்கிறது என்று மொட்டைமாடி ஏறிப் பார்த்தால் தெரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிஞ்சிப் பல்லும் எலும்பும் கெடுவது) பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. தவறு நடப்பது குழாய் வந்த பிறகு. காவிரித் தண்ணீர் குடிக்க, போர்வெல் தண்ணீர் சமைக்க என்று வீட்டில் இரண்டு குடம் இருக்கும். சோறு ஒரு படித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கஞ்சி வடிக்காத குக்கர் சோற்றில் அத்தனை ஃபுளோரைடும் தட்டுக்கே வரும். குடிப்பதோடு உலைக்கும், சாம்பாருக்கும், குழந்தைக்குக் கரைக்கும் பால்பவுடருக்கும், டீக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். பால்பவுடர் கரைப்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். முன்பற்கள் உருவாகும் வயது அதுதான். துணி துவைக்க, மாடு கழுவ போர்வெல் தண்ணீர் போதும். தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு என்பதால் அதே தண்ணீரில் நாளுக்கு ஆறேழு டீ போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேழ்வரகு, மோர், கீரை, நெல்லிக்காய் போல் கால்சியமும் வைட்டமின் சியும் உள்ள சாப்பாடு எலும்புக்கு ஓரளவு தாங்கல். தண்ணீரை மாற்றுவதற்கு அது ஈடாகாது.

பிள்ளை பல்லில் வெள்ளைத் திட்டு இருந்தால் அது சொத்தையின் தொடக்கமா, ஃபுளோரைடு கறையா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துவிடலாம். மேலுதட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் பாருங்கள். சொத்தையின் தொடக்கம் ஈறை ஒட்டியே, சுண்ணாம்பு தீட்டியது போல் பளபளப்பில்லாமல் இருக்கும். ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. பெரும்பாலும் மேல் முன்பால்பல் நாலில்தான் முதலில் தெரியும். கீழ்ப் பற்களை நாக்கும் எச்சிலும் காப்பதால் அவை கடைசியில்தான் கெடும். ஃபுளோரைடு கறை இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, குறுக்கே கோடு கோடாகவோ பஞ்சு போலவோ பரவியிருக்கும். பால்பல்லைவிட நிலைத்த பல்லில்தான் அதிகம் காணும். முதல் வகை என்றால் நல்ல சேதி ஒன்று உண்டு: குழி விழாதவரை அந்தத் திட்டைத் திரும்பக் கெட்டியாக்கலாம். குழி விழுந்தபின் எந்தப் பேஸ்ட்டும் அடைக்காது.

‘பால்பல்லுதானுங்க, விழுந்து மொளைக்கப் போகுது, அதுக்கு எதுக்குங்க செலவு?’ என்று அமுச்சிகள் கேட்பதுண்டு. கடைவாய்ப் பால்பல் விழ பத்து, பன்னிரண்டு வயதாகும். நாலு வயதில் சொத்தையானால் ஆறேழு ஆண்டு வலியோடு அதை வைத்து மெல்ல வேண்டும். சீழ் வைத்தால் அடியில் இருக்கும் நிலைத்த பல்லின் எனாமலும் கெடலாம். இன்னொன்று, ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆயுசுக்கும் நிற்க வேண்டிய பல். அதன் மெல்லும் பரப்பில் இருக்கும் ஆழமான பள்ளங்களுக்குள் பிரஷ் முடி நுழையாது; ஃபுளோரைடின் பலனும் மழமழப்பான பக்கங்களில் இருப்பதைப் போல் அங்கே இருக்காது. அதனால் பல் முளைத்ததும் அந்தப் பள்ளங்களைப் பல் மருத்துவரிடம் சீலன்ட் என்ற பூச்சு வைத்து அடைத்துவிடுவது நல்லது. பன்னிரண்டு வயதில் வரும் அடுத்த கடைவாய்ப்பல்லுக்கும் இதேதான்.

பேஸ்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது: அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் சோடியம் மோனோஃபுளோரோஃபாஸ்பேட் அல்லது சோடியம் ஃபுளோரைடு என்றும், எத்தனை பிபிஎம் என்றும் இருக்கும். நம் நாட்டு விதிப்படி 1000 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது, அளவையும் அச்சிட வேண்டும். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் கொண்டுவருவதில் 1450 வரை இருக்கும். பெரியவருக்குச் சரி, குழந்தைக்கு அரிசி மணியைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்புத் தூள் சேர்த்த பேஸ்ட்டில் சோடியம் ஃபுளோரைடு போட்டால் அது கால்சியத்தோடு சேர்ந்து செயலற்றுப் போகும். அதனால்தான் அவ்வகைப் பேஸ்ட்டுகளில் மோனோஃபுளோரோஃபாஸ்பேட் போடுகிறார்கள். அதுவும் சூட்டிலும் நாள்பட்ட இருப்பிலும் வீரியம் குறையும். கடை வாசலில் வெயிலில் தொங்கும் பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். டியூப் அடியில் இருக்கும் பச்சை, சிவப்புப் பட்டையை வைத்து மூலிகையா ரசாயனமா என்று கண்டுபிடிக்கலாம் என வாட்ஸ்அப்பில் சுற்றுவது கட்டுக்கதை. அது டியூப்பை வெட்டி மடிக்கும் இயந்திரத்துக்கான அடையாளம்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது பழமொழி. குச்சியை நன்றாக மென்று, நாராக்கி, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தால் அழுக்குப் படலம் போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் ஃபுளோரைடு கிடையாது. காலையில் வேப்பங்குச்சி, இரவில் ஃபுளோரைடு பேஸ்ட் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பங்கமில்லை. செங்கல்பொடி, கரித்தூள், சாம்பல், பொடியுப்பு இவை எனாமலைத் தேய்த்துத் தேய்த்துக் கூச்சத்தில் கொண்டுபோய் விடும்.

இரவில் விளக்குவதுதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைகிறது. கரைந்த கால்சியத்தைத் திருப்பித் தர ஆளில்லை. கடைசியாகச் சாப்பிட்டு, பாலும் குடித்து முடித்தபின் இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். முடித்ததும் துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது. நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம். ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து, நாக்கு வழித்து, காறி, நாலு முறை கொப்பளித்தால்தான் வாய் கழுவியது போல் இருக்கும். அப்படிச் செய்தால் பல்மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடு தொட்டியில்தான் தங்கும். வழி இருக்கிறது: நாக்கு வழிப்பது, கொப்பளிப்பது எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள், பிறகு பேஸ்ட் போட்டு விளக்கி, நுரையை நன்றாகத் துப்பிவிட்டுப் படுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். ஏழெட்டு வயது வரை பிள்ளை கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. பின்னாலிருந்து தலையைச் சாய்த்துப் பிடித்துப் பெரியவர்களே விளக்கிவிட வேண்டும்.

ஃபுளோரைடு போட்டும் சொத்தை வருகிறது என்றால் சாப்பாட்டு முறையைப் பார்க்க வேண்டும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. மில்லில் ஷிப்டுக்கு நாலு டீ, கூடவே பேக்கரி பன் என்றால், நாலு முறை பிஎச் இறங்கி நாலு முறை ஏற வேண்டும். நடுவில் பல்லுக்கு ஓய்வே இல்லை. நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் உடம்புக்கு நல்லது, பல்லைக் கெடுக்காது என்ற நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக வேரோடியிருக்கிறது. கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். கடலை உருண்டை போல் பல்லில் ஒட்டுவதைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டால் சேதம் குறைவு. தொட்டில் பிள்ளைக்குச் சர்க்கரை போட்ட பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்க வைப்பது எல்லாவற்றிலும் மோசம். அதைப் பேஸ்ட்டாலும் ஈடுகட்ட முடியாது.

சொத்தை வரும் வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளைகளுக்குப் பல் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார். அது 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பிபிஎம். எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பால்பற்கள் முழுவதற்கும் கால் மில்லி போதும், எச்சில் பட்டதும் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பஞ்சால் பல்லைத் துடைத்து, மெல்லிய பூச்சாகத் தடவ ஐந்து நிமிடம்கூட ஆகாது. அன்று பல் சற்று மஞ்சளாகத் தெரியும், மறுநாள் போய்விடும். சில மணி நேரம் சூடானது, முறுக்கு போல் கடினமானது வேண்டாம்; மறுநாள் காலை வரை விளக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சொத்தை மிகுந்த வாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வாய்ப்புண் இருந்தால் ஆறியபின் பூசலாம். குழி விழுந்து, ஆனால் சிகிச்சைக்கு வாய் திறக்காத குழந்தைக்கு 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடு சொட்டு உண்டு. சொத்தையை அந்த இடத்திலேயே நிறுத்தும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்னாலேயே சொல்லிவிடாத மருத்துவர் பிறகு திட்டு வாங்குவார். கொப்பளிக்கும் ஃபுளோரைடு நீர் ஆறு வயதுக்குக் கீழே கூடாது, விழுங்கிவிடுவார்கள்.

பேஸ்ட் டியூப்பைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நூறு கிராம் டியூப்பில் 100 மில்லிகிராம் ஃபுளோரைடு. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் போனால் ஆபத்தான அளவு. பத்துக் கிலோ குழந்தைக்கு அது அரை டியூப். பழவாசனை பேஸ்ட்டை மிட்டாய் போல் தின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. நிறையத் தின்றிருந்தால் உடனே பால் கொடுத்து, டியூப்பையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாலிலுள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, தண்ணீரைப் பரிசோதிப்பது பற்றி. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி மூடி, எந்தப் போர், எத்தனை அடி, என்ன தேதி என்று எழுதி ஒட்டுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குத் தந்த களப் பரிசோதனைப் பெட்டியிலும் ஃபுளோரைடுக்கான சோதனை இருக்கிறது. ஊரிலேயே பயிற்சி பெற்ற பெண்கள் இருப்பார்கள், கேளுங்கள். நிறம் பார்த்துச் சொல்லும் அந்தச் சோதனையில் 1-ஐ ஒட்டி வந்தால் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மழைக்குப் பின் ஒருமுறை, கோடை உச்சியில் ஒருமுறை பார்ப்பது சரி. மட்டம் இறங்கினால் அளவு மாறும்.

ஊராட்சி அலுவலர்களுக்கும் நகராட்சிகளுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். மேல்நிலைத் தொட்டியின் சுவரில் கொள்ளளவும், கழுவிய தேதியும், அடுத்துக் கழுவும் தேதியும் பெயின்ட்டில் எழுதி வைக்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது. இந்தத் தொட்டித் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அந்த இடத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.